ஒரு மாணவர் தொடட்டும்



கால்நடை மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் நிற்கும் எந்த மாணவரை வேண்டுமானாலும் கேளுங்கள். முதல் வாரத்திலேயே தன் காதில் விழுந்த ஒரு பேச்சைச் சொல்வார். “நீங்க ஸ்டூடன்டா? அப்ப வேணாம்மா. டாக்டரே வந்து பாக்கட்டும்.” மயிலாப்பூரிலிருந்தோ அடையாற்றிலிருந்தோ ஆட்டோ பிடித்து, மடியில் நாயைப் போட்டுக்கொண்டு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை வந்து சீட்டு வாங்கிக் காத்திருந்தவர் அப்படிச் சொல்வதில் குற்றம் காண ஒன்றுமில்லை. அந்த நாய் அவர் வீட்டுப் பிள்ளை. பயிற்சிக்காக அதை யாரிடமும் ஒப்படைக்க அவர் வரவில்லை.

ஆனாலும் அந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நான் மயிலாப்பூரில் வளர்ந்து, வேப்பேரியில் படித்து, பிறகு தென்சென்னையிலேயே தொழில் செய்துவரும் கால்நடை மருத்துவர். இந்த அவையில் பாதிப்பேர் வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள். பின்வரிசையில் கால்நடை மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் இரு தரப்புக்கும் நடுவில் நின்று ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் பிராணியை ஒரு மாணவர் தொடட்டும். நிபந்தனையோடுதான் கேட்கிறேன். அந்த நிபந்தனைகள் என்ன என்பதைச் சொல்லவே இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் குளோத் பூர்ஜெலா தொடங்கினார். அவருக்குக் குதிரைகள்மேல் பிரியம். ஆனால் அரசு அந்தப் பள்ளிக்குக் கைகொடுத்ததற்கு ஒரு பெரிய காரணம், ஐரோப்பாவின் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்த வெக்கை நோய். நம் நாட்டிலும் அதே கதைதான். படைக்குக் குதிரை வேண்டும், உழவுக்கு மாடு வேண்டும், இரண்டையும் நோய் அள்ளிக்கொண்டு போகிறது என்ற நிலையில்தான் 1882-ல் லாகூரிலும், 1886-ல் பம்பாயிலும், 1893-ல் கல்கத்தாவிலும் கல்லூரிகள் வந்தன. சென்னையில் 1876 முதல் நடந்துவந்த சைதாப்பேட்டை வேளாண்மைப் பள்ளியில் மாட்டு வைத்தியமும் பாடமாக இருந்தது. 1903 அக்டோபர் 1 அன்று ‘டாபின் ஹால்’ என்ற வாடகைக் கட்டடத்தில் இருபது மாணவர்களோடு சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி தனியாகத் தொடங்கியது. ஓரிரு ஆண்டில் வேப்பேரிக்குப் போயிற்று. 1935-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1989-ல் கால்நடை மருத்துவத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் அமைந்தது. அந்த வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு மண்ணுலகிலிருந்து துடைத்தெறியப்பட்ட நோய் அது ஒன்றுதான். அதற்குப் பின்னால் ஊர் ஊராக நடந்து, மாட்டின் கழுத்தைத் தடவி, ஊசி போட்ட ஆயிரக்கணக்கான கைகள் இருக்கின்றன. அந்தக் கைகள் ஒவ்வொன்றும் ஒருநாள் முதன்முதலாக ஒரு மாட்டைத் தொட்டு நடுங்கியிருக்கும்.

இன்று இந்தப் படிப்பு ஐந்தரை ஆண்டுகள். கடைசி ஓராண்டு முழுநேரப் பயிற்சி. அதற்கு முன்பே வகுப்பு நடக்கும் காலத்திலேயே மாணவர்கள் பிரிவு பிரிவாக மருத்துவமனைக்குள் வந்துவிடுவார்கள். மருத்துவம், அறுவை, ஈனியல் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். நடமாடும் மருத்துவ வண்டியில் கிராமங்களுக்கும் போவார்கள். அதுவரைக்கும் அவர்களுக்குத் தெரிந்த பிராணி, உடற்கூறியல் கூடத்தில் ஃபார்மலின் வாடையோடு கிடந்த எருமை. அதன் நரம்பும் தசையும் எங்கே ஓடுகின்றன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த எருமை அவர்களை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

உயிருள்ள பிராணி திரும்பிப் பார்க்கும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

முதல் நாள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உற்சாகமாக வரும் மாணவருக்குக் கொடுக்கப்படும் வேலை, பிராணியைப் பிடித்துக்கொள்வது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எடுபிடி வேலையாகத் தெரியும். உண்மையில் இந்தத் தொழிலில் பாதி அதுதான். மாட்டை அணுகும்போது அது நம்மைப் பார்க்கும்படி, குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். பின்னால் வந்து திடீரென்று தொட்டால் உதைக்கும். குதிரை பின்புறமாக உதைக்கும். மாடு காலை முன்னுக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் வீசும். ஆகவே இரண்டுக்கும் நாம் நிற்கும் இடம் வேறு. நாயின் கண்ணை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கக் கூடாது, அதன் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகக் கூடாது. பக்கவாட்டில் குனிந்து உட்கார்ந்து, அது வந்து முகரட்டும் என்று காத்திருக்க வேண்டும். கடிக்கும் நாய்க்குப் பட்டைத் துணியால் வாய்க்கட்டுப் போடத் தெரிய வேண்டும். கட்டு மூச்சை அடைக்கக் கூடாது, அவிழ்க்கும்போது ஒரே இழுப்பில் வர வேண்டும். பூனைக்கு இதில் எதுவும் ஆகாது. அதை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு கீறும். துண்டில் சுற்றி, தலையை மட்டும் வெளியே விட்டு, தளர்வாக அணைத்துக்கொண்டால் பெரும்பாலான பூனைகள் அமைதியாகிவிடும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் பேராசிரியர்கள் இல்லை. மருத்துவமனையில் உதவியாளர்களாக இருந்த பெரியவர்கள். மாட்டை டிராவிஸ் என்ற தடுப்புச் சட்டத்துக்குள் நிறுத்துவதும், கயிற்றைச் சுற்றி வலியில்லாமல் படுக்கப் போடுவதும், கோபக்கார நாயின் காதுக்குப் பின்னால் எங்கே கை வைப்பது என்பதும் அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. “பயப்படாத பாப்பா, நீ பயந்தா அதுவும் பயப்படும்” என்பார் ஒருவர். மாணவரின் தோள் இறுகுவதையும் மூச்சு மாறுவதையும் மாடு உணர்கிறது என்பதை அவருடைய அந்த ஒரு வரியிலிருந்துதான் நான் கற்றேன். எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் இவர்கள் பெயரை வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிடிக்கத் தெரிந்த பிறகுதான் பார்ப்பது. உடல் வெப்பம், நாடி, மூச்சு. கேட்க எளிது. நாடியை மாட்டுக்கு வாலின் அடிப்புறத்திலும், நாய்க்குத் தொடையின் உட்புறத்திலும், குதிரைக்குத் தாடையெலும்பின் ஓரத்திலும் பிடித்துப் பார்க்க வேண்டும். விரலை அழுத்தினால் நாடி மறையும், எடுத்தால் தொலையும். நாயின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மாட்டுக்கு 101.5 டிகிரியை ஒட்டி இருக்கும். மனிதக் கணக்கில் இது காய்ச்சல். இதை அறியாமல், “தொட்டா சுடுதே” என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தைச் சமாளிக்க முடியாது. ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும். தயவுசெய்து இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. அங்கே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காத்திருந்தால், நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை, தூரத்தில் இடி உருண்டு வருவதைப்போல ஓர் ஓசை எழுந்து அடங்கும். முதல் இரைப்பை சுருங்கி விரியும் ஓசை அது. பசு நலமாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை. மாணவர்கள் பத்து விநாடி கேட்டுவிட்டு, “ஒண்ணும் கேக்கல மேடம்” என்று எடுத்துவிடுவார்கள். இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள் என்று நான் சொல்வேன். தேர்வுக்கு ஓடி ஓடிப் படித்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டு நிமிடம் கடினமாகத்தான் இருக்கிறது. அந்த ஓசையை முதன்முதலாகக் கேட்ட மாணவரின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே நான் இத்தனை வருடம் பயிற்சி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிராணி பேசாது, வளர்ப்பவர் பேசுவார். அவர் பேச்சைக் கேட்கத் தெரிவதும் பயிற்சியில் சேர்ந்ததே. தியாகராய நகர் அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்த நாய்க்கு மூன்று நாளாக வாந்தி. “வெளியில எதுவும் குடுக்கறதில்லம்மா, அதுக்குனு வாங்கற சாப்பாடுதான்” என்கிறார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. வீட்டில் பாட்டி இருக்கிறாரா, குழந்தைகள் இருக்கிறார்களா, வேலைக்கு வரும் அக்கா எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேட்கத் தெரிந்த மாணவருக்குத்தான், நேற்றைய விசேஷத்தில் மிஞ்சிய வடையும் திராட்சையும் வெளியே வரும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. இப்படிக் கேட்கும்போது யாரையும் குற்றவாளியாக்கிவிடாமல் கேட்க வேண்டும். பாட்டி அன்பால்தான் கொடுத்தார். நாயின் காதையும் விரலிடுக்கையும் விலக்கிப் பார்த்து உண்ணி தேடும் பழக்கமும் இங்கேதான் வர வேண்டும். சென்னையில் சோர்ந்து, ஈறு வெளுத்து, சாப்பிடாமல் வரும் நாய்களில் எத்தனையோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கும். இரத்தப் பரிசோதனைக்கு முன்பே அதை யோசித்துவிடுபவர், கண்ணும் விரலும் பழகிய மாணவர்தான்.

கையை எங்கே வைக்கக் கூடாது என்பதும் பாடம்தான். பசு ஒன்று வாயிலிருந்து எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், குரல் கரகரக்கக் கத்திக்கொண்டு வரும். “தொண்டையில ஏதோ சிக்கிக்கிச்சு, கையை விட்டுப் பாருங்க” என்பார் ஓட்டிவந்தவர். கீழ்த்தாடை தொங்க வரும் நாயைக் கொண்டுவந்தவரும் எலும்பு மாட்டியிருக்கிறது என்பார். உதவ வேண்டும் என்ற துடிப்பில் புதிய மாணவரின் கை வாய்க்குள் போய்விடும். வெறிநோய் இப்படியும் வரும். அறிகுறி வந்த பிறகு அதற்குச் சிகிச்சை கிடையாது. ஆகவே மாணவர்கள் மருத்துவமனைக்குள் கால் வைப்பதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாளோ இருபத்தெட்டாம் நாளோ என்பது வழக்கமான முறை. கடிபட்டால் அதன் பிறகும் மறுபடி ஊசி உண்டு. பின்வரிசைத் தம்பி தங்கைகளே, தடுப்பூசி அட்டையைக் காட்டாமல் எந்த ஆசிரியரும் உங்களைப் பிராணியருகே விடக் கூடாது. விட்டால் நீங்களே மறுத்துவிடுங்கள்.

இனி, இந்தப் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். சினைப் பரிசோதனை. தோள்வரை நீளும் கையுறையை மாட்டி, நன்றாக வழுவழுப்பு தடவி, ஆசனவாய் வழியே கையைச் செலுத்தி, மலக்குடலின் சுவருக்கு அந்தப்புறம் கிடக்கும் கருப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆசிரியருக்கும் மாணவரின் கை உள்ளே எங்கே இருக்கிறது என்று தெரியாது. பின்னால் நின்றுகொண்டு, “இடுப்பெலும்பு விளிம்பு கிடைக்குதா? அங்கேயிருந்து கீழே வா. கெட்டியா ஒண்ணு தட்டுதா? அது கருப்பையோட கழுத்து. அதை விட்றாத” என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். குடல் சுருங்கிக் கையை இறுக்கும்போது தள்ளாமல் காத்திருக்க வேண்டும். முரட்டுக் கை குடலைக் கிழித்துவிடலாம், இளங்கருவைக் கலைத்துவிடலாம். இதைப் புத்தகத்தில் படித்து வர முடியாது, பிறர் செய்வதைப் பார்த்தும் வர முடியாது. உழவருக்கோ இதுதான் வாழ்வு. மாடு சினையா இல்லையா என்பதில் அவருடைய அடுத்த ஒரு வருடத்துப் பால் இருக்கிறது.

சரி, பத்து மாணவர்கள், ஒரு பசு. என்ன செய்வது? பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கையை விடுவதா? அந்தப் பசுவின் பக்கம் நின்று யோசித்தால் விடை தெரியும். ஒரு பசுவை ஒரு நாளில் மிகச் சிலரே பார்க்க வேண்டும். குடலில் இரத்தம் கண்டால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். மாணவர் கற்றுக்கொள்வதற்கு அந்தப் பசு எந்த விதத்திலும் கடன்பட்டிருக்கவில்லை.

இதைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. அந்தச் சட்டத்துக்கும் நம்முடைய அடையாறு, திருவான்மியூர் பகுதிக்கும் நெருங்கிய உறவு உண்டு. கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினரானார். பிராணிகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தபோது அவரே தலைவர். அதன் தலைமையகம் நெடுங்காலம் சென்னையில் இருந்தது. நாட்டியத்துக்காக நாம் கொண்டாடும் அவர், ஒவ்வொரு கால்நடை மருத்துவ மாணவரின் வகுப்பறைக்குள்ளும் இருக்கிறார். அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கல்விக்கூடங்களில் புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் போன்றவை போதுமானதாக இருக்கும் இடத்தில் உயிருள்ள பிராணிமீது சோதனை செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்று வழிகாட்டுகிறது.

எது போதும், எது போதாது என்பதுதான் கேள்வி. தையல் போடப் பழகுவதற்கு வாழைப்பழத் தோலும் ரப்பர் அட்டையும் போதும். எலும்பில் தகடு பொருத்தப் பழக, கசாப்புக் கடையில் வாங்கிய ஆட்டுக்கால் போதும். சினைப் பரிசோதனைக்கே பிரிட்டனில் சாரா பெய்லி என்ற கால்நடை மருத்துவர் ஒரு கருவியைச் செய்தார். மாட்டின் பின்பகுதி போன்ற கூட்டுக்குள் மாணவர் கையை விட்டால், கருப்பையைத் தொடும் உணர்வைக் கணினி விரலுக்குத் தரும். உள்ளே கை எங்கே இருக்கிறது என்பதை ஆசிரியர் திரையில் பார்க்கலாம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கருவி. இதில் பழகிவிட்டு மாட்டிடம் போகும் மாணவர் கருப்பையை விரைவில் கண்டுபிடிக்கிறார் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். இத்தகைய மாதிரிகளுக்கு நம் கல்லூரிகள் கணக்குப் பார்க்காமல் செலவிட வேண்டும். ஆனால் அதோடு முடிந்துவிடாது. கருவிக்கு உடல் சூடு கிடையாது, அது நகராது, முக்காது, கோபப்படாது. மாதிரியில் தொடங்கி, ஆசிரியர் அருகிருக்க உயிருள்ள பிராணிக்கு வருவதே வழி. அந்த உயிருள்ள பிராணி தனக்கு வேண்டிய மருத்துவத்துக்காகவே வந்ததாகவும், மாணவர் தொடுவதால் அதற்கே நன்மை விளைவதாகவும் இருக்க வேண்டும். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் ஒரு பிராணியை மாணவருக்காகவென்றே நோகடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

மாணவருக்கென்று இல்லாமல் எப்படியும் நடக்க வேண்டிய ஓர் அறுவையில் சென்னை நாட்டுக்கே வழி காட்டியிருக்கிறது. தெருநாய்களைப் பிடித்துக்கொண்டுபோய் மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதே இந்த ஊரில் பல காலம் நடைமுறையாக இருந்தது. கேப்டன் வி. சுந்தரமும் குடும்பத்தாரும் தொடங்கிய புளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பு, கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே தெருவில் விடுங்கள் என்று 1964 முதலே சொல்லிவந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில்தான் மாநகராட்சி செவிசாய்த்தது. 2001-ல் நாடு முழுவதற்கும் விதிகள் வந்தன, 2023-ல் அவை திருத்தி எழுதப்பட்டன. இன்று தியாகராய நகர் கண்ணம்மாபேட்டையிலும், இராயப்பேட்டை லாயிட்ஸ் காலனியிலும் மாநகராட்சியின் கருத்தடை மையங்கள் இருக்கின்றன. காது நுனியில் சின்ன வெட்டோடு தெருவில் படுத்திருக்கும் நாயைப் பார்த்தால், அறுவை முடிந்து திரும்பி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த அறுவைதான் பல மாணவர்கள் தங்கள் கையால் செய்யும் முதல் பெரிய அறுவை. பெண் நாயின் கருப்பையையும் கருமுட்டைப் பையையும் எடுப்பது மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கமான வேலை. சின்னத் திறப்பு வழியே விரலை விட்டு, சிறுநீரகத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கருமுட்டைப் பையைத் தேடி, அதைப் பிடித்திருக்கும் தசைநாரை நீட்டி, இரத்தக் குழாயைச் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு நழுவினால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். இங்கே எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தெருநாய்தானே, பழகிக்கொள்ளட்டும் என்ற பேச்சை என் காதுபட யாரும் பேசக் கூடாது. அடையாற்று வீட்டு நாய்க்குத் தையல் பிரிந்தால் இரவு பன்னிரண்டு மணிக்கும் யாராவது காரில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தெருநாய் சில நாளில் அதே தெருவுக்குப் போய்விடும், அதன் வயிற்றைத் திருப்பிப் பார்க்க யாரும் இல்லை. ஆகவே அதற்குப் போடும் முடிச்சு இன்னும் உறுதியாக இருக்க வேண்டும். மாணவர் முதலில் பார்க்கட்டும், பிறகு எதிர்ப்பக்கம் நின்று உதவட்டும், பிறகு ஆண் நாயின் விதை நீக்கம் செய்யட்டும், அதன்பின் பெண் நாய்க்கு வரட்டும். அப்போதும் எதிரே ஆசிரியர் கையுறை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்து அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர் மேற்பார்வை செய்வதாக ஆகாது.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு மாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாடவீதிகளில் குப்பைத்தொட்டியருகே நின்று மேயும் பசுக்களை நாம் எல்லோரும் தொட்டுக் கும்பிட்டிருக்கிறோம். மிஞ்சிய சாம்பார் சாதத்தைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து வீசுபவர்களும் நாமே. பசு பையோடு விழுங்கும். வேண்டாததை நாய்போலக் கக்கிவிட அதற்குத் தெரியாது. பை உள்ளேயே தங்கி, ஒன்றோடொன்று முறுகி, கயிறாகிவிடும். 2019-ல் திருமுல்லைவாயிலிலிருந்து வந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து வேப்பேரியில் 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். மணிக்கணக்காக நடந்த அறுவை. பசு நின்றுகொண்டே இருக்கும், இடது விலாவில் மரத்துப்போக ஊசி போட்டுத் திறப்பார்கள். கையை உள்ளே விட்டு இழுத்து இழுத்துப் போடுவார்கள். ஆணி, கம்பி, நாணயம் எல்லாம் வரும். கம்பி குத்திக்கொண்டு இதயத்தின் பக்கம் நகர்ந்துவிட்டால் பசு பிழைப்பது அரிது. இப்படி ஓர் அறுவையில் வாளி பிடித்து நின்ற மாணவர் அதற்குப் பிறகு வாழ்நாளில் சாப்பாட்டைப் பையில் கட்டி எறிய மாட்டார்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வேலை ஆகுமா என்று இன்றும் சில பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர் என்று குறிப்பிடப்படும் சக்குபாய் ராமச்சந்திரன் 1952-ல் பட்டம் பெற்றது நம்முடைய இதே சென்னைக் கல்லூரியில். எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கன்று சிக்கிக்கொண்ட பசுவிடம் வலிமையைக் காட்டி இழுத்தால் தாயும் கன்றும் சேதப்படும். பசு முக்காத நேரம் பார்த்துக் கன்றை உள்ளே தள்ளி, மடங்கிய காலை நிமிர்த்தி, நிறைய வழுவழுப்பு ஊற்றி, பசு முக்கும்போது மட்டும் கூடச் சேர்ந்து இழுக்க வேண்டும். அதற்கு வேண்டியது பொறுமை. மெலிந்த கை அங்கே உதவியாகவே இருக்கும்.

ஆக, உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் நாயைப் பார்க்க வரும் மாணவர் தன்னை மாணவர் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அவருக்குப் பின்னால் பொறுப்பான மருத்துவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அனுமதியுங்கள். வெப்பம் பார்க்கட்டும், நாடி பிடிக்கட்டும், நீண்ட கேள்விகள் கேட்கட்டும். அவசரத்தில் இருக்கும் மருத்துவர் கேட்க மறந்ததை அவர் கேட்பார், ஏனென்றால் அவருக்கு எல்லாமே புதிது. ஊசியோ இரத்தம் எடுப்பதோ இரண்டு முறை தவறினால் மூன்றாவது முறை ஆசிரியர் செய்யட்டும் என்று நீங்கள் சொல்லலாம், நல்ல மாணவர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். உங்கள் நாய் வலியில் துடிக்கும் நேரமாக இருந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கேட்பதற்கு எனக்கே கஷ்டமாக இருக்கிறது. உங்கள் பிராணி இறந்துபோனால், காரணம் விளங்காத சாவாக இருந்தால், உடலைப் பரிசோதிக்க அனுமதி கொடுங்கள். வேப்பேரியில் படித்து, டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் யானைகளோடு வாழ்ந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாக நீங்கள் அறிவீர்கள். காட்டில் இறந்து கிடந்த யானைகளை, அழுகிய நிலையிலும், அறுத்துப் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். யானை எதனால் சாகிறது என்று நமக்குத் தெரிந்தவற்றில் பல அந்தப் பிடிவாதத்தால் கிடைத்தவை. வீட்டு நாய்க்கும் இதுவே பொருந்தும். உயிரோடு இருந்தபோது தொட்டு ஊகித்ததை, இறந்த பிறகு கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் மாணவரின் கை அடுத்த நாயிடம் பிசகாது. பரிசோதனை முடிந்ததும் தைத்துத் தருவார்கள், நீங்கள் கொண்டுபோய் அடக்கம் செய்யலாம். நம்முடைய வெயிலில் உடல் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், சில மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரை ஐஸ் கட்டிகளை உறையில் போட்டுச் சுற்றி வையுங்கள். ஃபிரீசரில் வைக்காதீர்கள். உறைந்துவிட்டால் திசுக்கள் சிதைந்து, நுண்ணோக்கியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் வெறுங்கையால் தொடாமல் முதலில் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். தலையை எப்படி எடுத்து எங்கே அனுப்புவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.